கடைசி பஸ்ஸும் தொண்ணூறு நிமிடமும்

“மருந்து ஏறினது ஒன்றரை மணி நேரம்தான் அக்கா. அப்புறம் சாயந்திரம் வரைக்கும் சும்மா உட்கார வெச்சுட்டாங்க. அந்தச் சும்மா எதுக்கு?”

அஞ்செட்டி பஸ் நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் கடைக்காரத் தம்பி கேட்டார். அவர் வீட்டம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எலும்புக்கும் ஈரலுக்கும் பரவிய பிறகுதான் தெரிய வந்தது. பெங்களூரில் முதல் ஊசி போட்ட அன்று கடைசி பஸ் போய்விட்டது. ஓசூரில் இறங்கி, தேன்கனிக்கோட்டை வந்து, அங்கிருந்து யானை கடக்கிற காட்டு வழியில் வாடகை வண்டி பிடித்து வீடு சேர்ந்திருக்கிறார்கள். மருந்துச் செலவைவிட அந்த வண்டி வாடகைதான் அவருக்கு ஆறவில்லை.

நான் புற்றுநோய் வார்டில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தங்கையைப் பார்க்க அஞ்செட்டிக்கு வரும்போதெல்லாம் இந்தக் கடையில்தான் டீ. அன்று கூட்டமில்லை. இன்னொரு டீ சொல்லிவிட்டு, அவர் நீட்டிய மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். “டிராஸ்டுசுமாப்” என்று எழுதியிருந்தது.

“கீமோதானே இது?” என்றார்.

இல்லை. கூடவே கீமோவும் கொடுத்திருப்பார்கள், அதனால் எல்லாவற்றையும் கீமோ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். முடி கொட்டுவதும் வாய்ப்புண் வருவதும் பெரும்பாலும் அந்தக் கீமோவின் வேலை. இது எதிர்ப்புரதம். கிருமி வந்தால் நம் உடம்பே தயாரிக்கிற ஆயுதத்தின் இனம். இதை மட்டும் வெளியே தயாரித்து உள்ளே செலுத்துகிறோம்.

ஓசூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லுவது சுலபம், ஃபேக்டரி தெரியும் என்பதால். ஒரு செல்லை ஒரு ஃபேக்டரி என்று வையுங்கள். ஆர்டர் வாங்க வாசலில் ஒன்றிரண்டு ஜன்னல் இருக்கும். ஆர்டர் வந்தால் உற்பத்தி, வராவிட்டால் ஓய்வு. ஹெர்-2 என்பது அப்படி ஒரு ஜன்னல். மார்பகப் புற்றுநோயில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த ஜன்னல் நூறு மடங்குவரை பெருகிவிடுகிறது. எல்லா ஜன்னலும் ஒரே நேரத்தில் ‘உற்பத்தி செய், உற்பத்தி செய்’ என்று கத்தினால் ஷிப்டு முடிவதே இல்லை, கட்டி வளர்ந்துகொண்டே போகிறது. டிராஸ்டுசுமாப் போய் அந்த ஜன்னலில் குறுக்கே நிற்கிறது. நிற்பதோடு, ‘இதோ இங்கே இருக்கிறான்’ என்று நம் வெள்ளையணுக்களுக்கு அடையாளமும் காட்டுகிறது. பெர்டுசுமாப் என்று இன்னொன்று உண்டு. இந்த ஜன்னல் பக்கத்து ஜன்னலோடு கைகோத்து ஆர்டர் வாங்குவதை அது தடுக்கும். இரண்டையும் சேர்த்துக் கொடுப்பதும் வழக்கம்.

எல்லா மார்பகப் புற்றுநோய்க்கும் இது கேட்காது. பயாப்சித் துண்டில் சோதித்து ஹெர்-2 ‘3+’ என்று வந்தால் உண்டு. ‘2+’ என்றால் சந்தேகம், பிஷ் என்று ஒரு பரிசோதனை செய்து முடிவு கட்டுவார்கள். “மீன் டெஸ்டா?” என்று என்னிடம் கேட்ட பாட்டிகள் பலர். அந்த அறிக்கைத் தாளைத் தொலைக்காதீர்கள். ஆஸ்பத்திரி மாறினால் முதலில் கேட்பது அதைத்தான்.

“முழுசா சரியாயிடுமா அக்கா?”

இந்தக் கேள்விக்கு டீயை ஆற்றிக்கொண்டே பதில் சொல்லக் கூடாது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னேன். நாலாம் கட்டத்தில் வேரோடு பிடுங்குவது மிக அபூர்வம், கட்டுக்குள் வைப்பதுதான் குறிக்கோள். ஆனால் அந்தக் கட்டுக்குள் என்பது சின்ன விஷயமல்ல. ஹெர்-2 அதிகமான புற்றுநோய்தான் வேகமாகக் கொல்லும் என்பதை அமெரிக்க மருத்துவர் டென்னிஸ் ஸ்லாமன் குழு 1987-ல் காட்டியது. அப்போது அது கெட்ட செய்தி மட்டும்தான், கையில் மருந்தில்லை. 1998 செப்டம்பரில் அமெரிக்காவில் டிராஸ்டுசுமாபுக்கு அனுமதி வந்தது. பரவிய நோயில் கீமோ மட்டும் கொடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 20 மாதம் என்றும், இதையும் சேர்த்தபோது 25 மாதம் என்றும் 2001-ல் வெளியான ஆய்வு சொன்னது. பெர்டுசுமாபும் சேர்ந்தபோது 56 மாதத்தைத் தாண்டியது. இடைநிலை என்றால் பாதிப்பேர் அதற்கும் மேலே இருந்தார்கள் என்று பொருள். ஆரம்பக் கட்டத்தில் இந்த மருந்தை ஒரு வருடத்தோடு நிறுத்துவார்கள். பரவிய நோயில், வேலை செய்கிறவரை, உடம்பு தாங்குகிறவரை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை தொடர்வார்கள். அதனால்தான் பாதுகாப்பாகக் கொடுப்பது இவ்வளவு முக்கியம். ஒருநாள் சமாளிக்கிற காரியமல்ல, வருடக்கணக்கில் போய் வரவேண்டிய பாதை.

அந்தப் பாதையிலேயே இன்னொரு கதை இருக்கிறது. ஓசூரில் பஸ் ஏறி, அத்திப்பள்ளி, சந்தாபுரம் தாண்டினால் பொம்மசந்திரா வரும். அங்கே பயோகான் நிறுவனத்தின் வளாகம். இந்தியாவில் முதலில் அனுமதி பெற்ற டிராஸ்டுசுமாப் ஒப்புமருந்து, அதாவது அசலை ஒத்த மருந்து, அவர்களுடையது. கேன்மாப் என்ற பெயரில் 2014 ஜனவரியில் விற்பனைக்கு வந்தபோது 440 மில்லிகிராம் குப்பி 57,500 ரூபாய். அதற்குமுன் ரோஷ் கம்பெனியின் ஹெர்செப்டின் ஒரு குப்பி ஒரு லட்சத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. விலையைக் குறைக்கச் சொல்லி 2012-லிருந்து நோயாளிகளும் ஆர்வலர்களும் போராடினார்கள், காப்புரிமை இருந்தாலும் பிறர் தயாரிக்கக் கட்டாய உரிமம் தருவது பற்றி அரசு யோசித்தது, 2013 ஆகஸ்டில் ரோஷ் தன் இந்தியக் காப்புரிமையைக் கைவிட்டது. பிறகு ஒப்புமருந்தை எந்தப் பெயரில் விற்கலாம் என்ற சண்டை டெல்லி உயர் நீதிமன்றம்வரை போனது. 2017 டிசம்பரில் அமெரிக்காவே பொம்மசந்திராக்காரர்களின் மருந்துக்கு அனுமதி கொடுத்தது, அங்கேயும் அதுதான் முதல் டிராஸ்டுசுமாப் ஒப்புமருந்து. பெங்களூர் கித்வாய் புற்றுநோய் மருத்துவமனைக்குப் போகிற நம்மூர்ப் பெண்கள் அந்தப் பொம்மசந்திராவைத் தாண்டித்தான் போகிறார்கள். “நம்ம ரோட்டிலேயா செய்யறாங்க!” என்று தம்பி வியந்தார். விலை இன்னும் குறையவேண்டும் என்பது என் கட்சி. ஆனால் ‘உள்ளூர் மருந்து, அதனால் மட்டம்’ என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சரி, மருந்துக்கு வருவோம். இதை ஏன் மாத்திரையாகத் தரக் கூடாது? இது புரதம். முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி. வாயில் போட்டால் வயிறு செரித்துவிடும், இரத்தத்துக்குப் போய்ச் சேராது. புரதம் என்பதாலேயே இதற்குச் சில செல்லங்கள் உண்டு. 2-லிருந்து 8 டிகிரிக்குள் வைக்கவேண்டும். உறையவிடக் கூடாது. கரைக்கும்போது குலுக்கக் கூடாது, மெல்லச் சுழற்றவேண்டும், நுரைத்தால் புரதம் கெடும். சலைனில் மட்டுமே கலக்கவேண்டும். குளுக்கோஸ் பாட்டிலில் கலந்தால் புரதம் திரண்டுவிடும். இதில் ஒன்றைக் கவனியுங்கள். மருந்தை வெளிக் கடையில் வாங்கிவரச் சொன்னால், ஐஸ் பெட்டியில் வாங்குங்கள், குப்பி நேராக ஐஸில் படாமல் இடையில் துணியோ அட்டையோ இருக்கட்டும். முதல் நாளே வாங்கி அஞ்செட்டி கொண்டுவந்து வீட்டு ஃபிரிட்ஜில் வைக்கவேண்டாம். இங்கே கரண்டு போனால் எப்போது வரும் என்று நமக்குத் தெரியும்.

அளவு எடையைப் பொறுத்தது. மூன்று வாரக் கணக்கில், முதல் தடவை கிலோவுக்கு 8 மில்லிகிராம், அடுத்த தடவைகளில் 6. தம்பி வீட்டம்மாவின் எடை 55 கிலோ. முதல் ஊசிக்குச் சரியாக 440, ஒரு முழுக் குப்பி. அடுத்ததற்கு 330 போதும், 110 மீதி. அந்த மீதியை எங்கே விடுகிறார்கள் என்று கேட்பதில் தப்பே இல்லை. கிருமி வளராமல் தடுக்கும் பிரத்யேக நீரைக் குப்பியோடு சேர்த்துத் தருகிற பெரிய குப்பி என்றால், அதில் கரைத்த மருந்தை ஆஸ்பத்திரி ஃபிரிட்ஜில் 28 நாள்வரை வைக்கலாம். மீதியை அடுத்த தடவைக்குச் சேர்த்துக்கொண்டால், இந்த எடைக்கு 3 குப்பியில் 4 ஊசி வரும். கணக்குப் போட்டுக் காட்டினேன், தம்பி பால் பொங்கியதைக்கூட மறந்துவிட்டார். ஆனால் எல்லாக் கம்பெனிக் குப்பிக்கும் இது பொருந்தாது. அந்த நீரில் கலந்திருக்கும் பென்சைல் ஆல்கஹால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் ஆகாது. வெறும் சுத்த நீரில் கரைத்தால் மீதியைக் கொட்டித்தான் ஆகவேண்டும். குப்பியின்மேல் பெயரும் திறந்த தேதியும் எழுதி வைக்கிற ஒழுங்கான இடத்தில் மட்டுமே இந்தச் சிக்கனம் செல்லும்.

இப்போது அந்த ‘சும்மா’.

முதல் ஊசி 90 நிமிடம் சொட்டுச் சொட்டாக ஏறவேண்டும். சிரிஞ்சில் எடுத்து ஒரே தள்ளாகத் தள்ளுகிற பேச்சே கிடையாது. முதல் தடவை, ஏறக்குறைய பத்தில் நான்கு பேருக்குக் குளிரும் காய்ச்சலும் வரும். பழக்கமில்லாத புரதம் உள்ளே வந்ததும் வெள்ளையணுக்கள் கலவரப்பட்டு இரசாயனங்களைக் கொட்டுவதன் விளைவு. பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும். சிலருக்கு மட்டும் மூச்சுத் திணறல், இரத்த அழுத்தம் இறங்குதல், உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீங்குதல் என்று போகும். அதனால்தான் முதல் ஊசி தொடங்கியதிலிருந்து குறைந்தது 6 மணி நேரம், அடுத்தடுத்த ஊசிகளில் தொடங்கியதிலிருந்து 2 மணி நேரம் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று மருந்துக் குறிப்பே சொல்கிறது. முதல் தடவை தொல்லை இல்லாவிட்டால் அடுத்ததை 30 நிமிடத்தில் ஏற்றலாம்.

நான் பணியில் இருந்த ஓர் இடத்தில் நடந்தது. ஒரு கணவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்குக் கடைசி பஸ் 6 மணிக்கு. “கொஞ்சம் வேகமா விடுங்கம்மா” என்று கும்பிட்டார். புதிதாக வந்த பெண் ஒருத்தி, பாவம், மனசு இளகி சொட்டுச் சக்கரத்தைத் திறந்துவிட்டாள். அன்று அந்த வார்டுக்குப் பொறுப்பு நான்தான். கால் மணி நேரத்தில் அந்த அம்மாவுக்குக் கட்டிலே ஆடுகிற மாதிரி நடுக்கம். பல் கிட்டியது. மூன்று போர்வை போர்த்தியும் அடங்கவில்லை. சொட்டை நிறுத்தி, ஆக்சிஜன் வைத்து, பாராசிட்டமாலும் அவிலும் ஸ்டீராய்டும் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் சரியானார். பிறகு மருத்துவர் பார்த்து, பாதி வேகத்தில் மீதியை ஏற்றினோம். பஸ்ஸும் போயிற்று. நியாயமாகச் சொன்னால், சரியான வேகத்தில் விட்டிருந்தாலும் அந்த நடுக்கம் வந்திருக்கலாம். ஆனால் வேகமாக விட்டதால் எவ்வளவு மருந்து எவ்வளவு நேரத்தில் போனது என்பதே எங்களுக்குக் குழம்பிப் போனது. ஆபத்து நேரத்தில் அந்தக் குழப்பம்தான் என்னைப் பயமுறுத்தியது.

குளிர் எடுத்தால் ‘ஏசியால இருக்கும்’ என்று போர்வையை இழுத்து மூடிக்கொண்டு சும்மா இருக்கிற பெண்கள்தான் நம்மிடம் அதிகம். நர்ஸைத் தொந்தரவு பண்ணக் கூடாது என்று ஒரு பண்பு. தயவுசெய்து தொந்தரவு பண்ணுங்கள். குளிர், நெஞ்சில் இறுக்கம், தொண்டையில் அடைப்பு, அரிப்பு, தலை சுற்றல், எதுவானாலும் உடனே சொல்லவேண்டும். நிறுத்தினால் அடங்குகிற விஷயம் இது, மறைத்தால்தான் முற்றும். நோய் நுரையீரலுக்குப் பரவி, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல். அதை ஊசிக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லவேண்டும். இன்னொன்று, இந்தத் தொல்லை வீட்டுக்கு வந்த பிறகு, 24 மணி நேரத்துக்குள்ளும் வரலாம். தம்பி அன்று ராத்திரி காட்டு ரோட்டில் வண்டி பிடித்து வந்தது அதனால்தான் எனக்குப் பிடிக்கவில்லை. வாடகை எவ்வளவு என்பது எனக்கு இரண்டாம் பட்சம். நடுவழியில் மூச்சுத் திணறியிருந்தால், போனில் டவர் கிடைத்து 108-ஐக் கூப்பிட்டு அது வந்து சேர எவ்வளவு நேரம் என்று அஞ்செட்டிக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

தம்பி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “இதயத்தை வேற ஸ்கேன் பண்ணாங்க. நோய் மார்புலதானே?” என்றார்.

நல்ல கேள்வி. அதே ஹெர்-2 ஜன்னல் இதயத் தசையிலும் கொஞ்சம் இருக்கிறது. அங்கே அது தசை தன்னைப் பழுது பார்த்துக்கொள்கிற ஜன்னல். மருந்து அங்கேயும் போய் நின்றால், சிலருக்கு இதயம் பம்பு பண்ணுகிற பலம் குறையும். அதைத்தான் எக்கோ என்கிற அந்த ஸ்கேனில் சதவீதமாகச் சொல்வார்கள். தொடங்குவதற்கு முன் ஒரு எக்கோ, பிறகு 3 மாதத்துக்கு ஒன்று. பழைய அளவிலிருந்து 10 புள்ளியோ அதற்கு மேலோ இறங்கி, 50-க்கும் கீழே போனால் மருந்தை நிறுத்திவைத்து, சில வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். பெரும்பாலும் நிறுத்தினால் தேறிவிடும், அதுதான் இதில் ஆறுதல். ‘சிவப்பு மருந்து’ என்று வார்டில் சொல்லுகிற கீமோ இதயத்தைத் தனியாகவே தாக்கும். அதையும் இதையும் ஒன்றாகக் கொடுத்தபோது நாலில் ஒருவருக்கு மேல் இதயம் பாதிக்கப்பட்டதை அந்த 2001 ஆய்வே காட்டியது. அதனால் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதை விட்டுவிட்டார்கள். முன்பு எப்போதாவது சிவப்பு மருந்து ஏற்றியிருந்தால் மறக்காமல் சொல்லுங்கள்.

முடிந்தால் எக்கோவை ஒரே இடத்தில் எடுங்கள். இடம் மாறினால் கை மாறும், அளவும் கொஞ்சம் மாறும். இறங்கியது இதயமா, அளவுகோலா என்று குழப்பம் வரும். இரண்டு எக்கோவுக்கு நடுவில் வீட்டில் பார்க்க எளிய வழி உண்டு. நேற்றுவரை மூச்சு வாங்காமல் ஏறிய மேட்டில் இன்று நின்று நின்று ஏறுகிறாரா? படுக்க ஒரு தலையணைக்கு இரண்டு வேண்டியிருக்கிறதா? சாயந்திரம் காலில் விரலால் அழுத்தினால் குழி விழுகிறதா? இரண்டு மூன்று நாளில் எடை திடீரென ஏறுகிறதா? மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தத் திட்டத்தில் பிரஷர் பார்க்க வீட்டுக்கு வருகிற பெண்ணிடம் இந்த மருந்து ஏறுகிறது என்று சொல்லி வையுங்கள். பிரஷர் எடுக்கும்போது காலையும் பார்ப்பார்.

பெயர்க் குழப்பம் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியாது. டிராஸ்டுசுமாப் என்று தொடங்குகிற மருந்துகளில் முக்கியமானவை மூன்று. வெறும் டிராஸ்டுசுமாப். அதன் முதுகில் கீமோவை ஏற்றிய டிராஸ்டுசுமாப் எம்டான்சின். அதேபோல இன்னொன்று டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டீகான். அளவு மூன்றுக்கும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் ஒன்று போட்டால் உயிருக்கே ஆபத்து. கலக்கிற திரவத்திலும் விபரீதம் பாருங்கள்: முதல் இரண்டுக்குக் குளுக்கோஸ் ஆகாது, டெரக்ஸ்டீகானுக்குச் சலைன் ஆகாது, குளுக்கோஸ்தான். டெரக்ஸ்டீகான் நுரையீரலில் அழற்சி உண்டாக்கக்கூடும் என்பதால் புதிதாக வறட்டு இருமல் வந்தால்கூடக் காத்திருக்கக் கூடாது. சீட்டில் முழுப் பெயரும் எழுதச் சொல்லுங்கள். பாட்டில் மாட்டும்போது, “சிஸ்டர், முழுப் பேரைப் படிச்சுச் சொல்லுங்க” என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டாள். கோபித்துக்கொண்டால் இரண்டாவது தடவையும் கேளுங்கள்.

அக்குளில் நெறிக்கட்டி எடுத்திருந்தால் அந்தப் பக்கக் கையில் ஊசி குத்தவிடவேண்டாம் என்பதும், குழந்தை பெறும் வயதுப் பெண்கள் மருந்து ஏறும்போதும் கடைசி ஊசிக்குப் பிறகு 7 மாதமும் கருத்தரிக்கக் கூடாது என்பதும் சீட்டிலேயே இருக்கும். மருந்து உடம்பைவிட்டு முழுவதும் வெளியேற அவ்வளவு நாளாகும்.

தேதி தவறுவதுதான் நம் பக்கத்துப் பெரிய வியாதி. நிலக்கடலை பிடுங்கவேண்டும், ராகி அறுப்பு, மாரியம்மன் பண்டிகை, மழையில் ரோடு போச்சு. நாள் தவறி ஒரு வாரத்துக்குமேல் ஆகிவிட்டால், இரத்தத்தில் மருந்தின் அளவு இறங்கியிருக்கும். மறுபடி முதல் தடவை மாதிரி கிலோவுக்கு 8 என்ற பெரிய அளவில் தொடங்கவேண்டும். 90 நிமிடம், முழுக் குப்பி, செலவு, காத்திருப்பு, எல்லாம் திரும்பவும். போக முடியாது என்று தெரிந்ததுமே ஆஸ்பத்திரிக்குப் போன் போடுங்கள், இரண்டு மூன்று நாள் முன்பின் நகர்த்துவார்கள். காப்பீட்டு அட்டை விஷயமும் அப்படித்தான். தமிழ்நாட்டு அட்டை கர்நாடகத்தில் எந்த ஆஸ்பத்திரியில் செல்லும், எந்த மருந்துக்குச் செல்லும் என்று தொடங்கும் முன்பே காப்பீட்டு கவுண்டரில் கேட்டுவிடுங்கள். நாலு ஊசி போட்ட பிறகு இடம் மாறினால் நடுவில் தேதி தவறும்.

தம்பி டீக்குக் காசு வாங்கவில்லை. சீட்டின் பின்பக்கம் அடுத்த ஊசித் தேதியையும் எக்கோ தேதியையும் பெரிதாக எழுதி, பால் கணக்கு நோட்டுக்குப் பக்கத்தில் ஆணியில் குத்திவைத்தார்.

இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் யாருக்காவது முதல் ஊசி குறித்திருந்தால், பஸ் நேரம் விசாரிப்பதற்கு முன்னால் ஓசூரிலோ பெங்களூரிலோ ஒரு சொந்தக்காரர் வீட்டில் அன்றைக்கு ராத்திரி படுக்க ஒரு பாய் கேட்டு வையுங்கள்.